பற்றவைக்கும் முன் பத்து நிமிடம், அணைத்த பின் பத்து நிமிடம்

போன வாரம் ஒரு தம்பி, வீட்டுக்கு வெளியே வைத்துக் கறி சுடும் மூன்று கிரில் அடுப்புகளின் படத்தை விலையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மிச்சிகனுக்கு வந்து நாலு வருடம் அபார்ட்மென்டில் இருந்துவிட்டு, இந்த ஏப்ரலில்தான் கேன்டனில் சொந்த வீடு வாங்கிக் குடிபோயிருக்கிறார்கள். "அக்கா, மே கடைசில வர்ற மெமோரியல் டேக்கு முன்னாடி வாங்கிடணும். கேஸா, கரியா? எது நல்லதுன்னு சொல்லுங்க."

நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று. "எங்க வைக்கப் போறீங்க?"

உடனே இன்னொரு படம் வந்தது. பின்பக்கத்து மர டெக், அதாவது வீட்டை ஒட்டிய திறந்த மரத் தளம். கண்ணாடிக் கதவை ஒட்டி, சுவரோடு சுவராக ஒரு மூலை. மேலே கூரையின் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. மழை படாது, சமையலறையிலிருந்து இரண்டு எட்டு. யாராக இருந்தாலும் அந்த மூலையைத்தான் காட்டுவார்கள். எங்கள் கிரில்லும் அதே மாதிரி ஒரு மூலையில்தான் ஏழு வருடம் நின்றது, 2019 ஜூலை 4 வரைக்கும்.

அந்த நாளைப் பற்றி இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. தம்பிக்குப் பதில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது. சரி, எல்லோருக்குமாகவே எழுதிவிடலாம் என்று இங்கே வந்துவிட்டேன்.

எங்கள் வீடு நோவையில். (ஊர்ப் பெயரைக் கோவை மாதிரியே சொல்ல வேண்டும்.) அன்றைக்கு இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். முந்தின நாள் இரவே நாற்பது லெக் பீஸில் தயிர், இஞ்சி பூண்டு, காஷ்மீரி மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் எல்லாம் பிசறி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். முதல் இரண்டு ஈடு அருமையாக வந்தது. மூன்றாவது ஈட்டைப் போட்டு மூடிவிட்டு, எலுமிச்சம்பழம் எடுக்க உள்ளே போனேன். பழத்தை நறுக்கி, தட்டை அடுக்கி, யாரோ ஏதோ கேட்க அதற்குப் பதில் சொல்லி, ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது மூடியின் இடுக்கு எல்லாவற்றிலிருந்தும் கரும்புகை. வழக்கமான வெள்ளைப் புகை இல்லை, டயர் எரிவது மாதிரி திரண்ட கறுப்பு.

நான் எட்டுவதற்குள் ஒருவர் நல்லெண்ணத்தில் மூடியைத் திறந்துவிட்டார். ஆள் உயரத்துக்கு எழும்பியது நெருப்பு. இன்னொருவர் ஐஸ் பெட்டியில் உருகிக் கிடந்த தண்ணீரை ஜாடியில் மொண்டுகொண்டு ஓடி வருகிறார். "தண்ணி வேண்டாம், தண்ணி வேண்டாம்" என்று நான் கத்தியது மூன்றாவது வீட்டுக்குக் கேட்டிருக்கும். கொதிக்கிற எண்ணெயில் ஈரக் கத்தரிக்காய் விழுந்தாலே எப்படிச் சீறும் என்பது நமக்குத் தெரியும். எரிகிற கொழுப்பில் ஒரு ஜாடித் தண்ணீர் விழுந்தால் அது அப்படியே ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலு பக்கமும் வாரி இறைக்கும்.

முன்பக்கத்தில் பர்னர்களுக்குக் கேஸைத் திறந்து மூடும் திருகுகளை மூடினேன். நீள இடுக்கியால் மூடியைத் தட்டி விழவைத்தேன். கேஸும் இல்லை, காற்றும் இல்லை என்றதும் ஓரிரு நிமிடத்தில் நெருப்பு அடங்கியது. அதன் பிறகுதான் என் கணவர் கீழே கையை விட்டுக் கேஸ் டேங்கின் வால்வை மூட முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்னால் சுவரில் அடித்திருந்த வைனில் பலகைகள், தணலில் காட்டிய அப்பளம் வளைவதுபோல் நெளிந்து தொங்கின. ஐந்து வயது மகன் கையில் தண்ணீர்த் துப்பாக்கியோடு மூன்றடி தள்ளி நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மூன்றடியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை கிரில்லின் அடித்தட்டை உருவினேன். அப்படி ஒரு தட்டு இருக்கிறது, அது வெளியே வரும், அதைக் கழுவ வேண்டும் என்பதே ஏழு வருடமாக எனக்குத் தோன்றியதில்லை. செக்கடியில் கிடக்கும் பிண்ணாக்கு மாதிரி ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பாக இறுகிக் கிடந்தது கொழுப்பு. நடுவில் மட்டும் எரிந்து குழியாகியிருந்தது. அத்தனையும் விறகு. பல வருடமாக நானே கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கிவைத்த விறகு.

அமெரிக்காவில் கிரில்லால் வீடுகளில் தீப்பிடிப்பது ஜூலை மாதத்தில்தான் அதிகம் என்று இங்குள்ள தேசியத் தீத்தடுப்புச் சங்கம் சொல்கிறது. சரியாகச் சுத்தம் செய்யாதது, எரியக்கூடிய பொருளுக்குப் பக்கத்தில் வைத்தது, ஆள் இல்லாமல் விட்டுப் போனது. முக்கியக் காரணங்களாக அவர்கள் சொல்லும் இந்த மூன்றையும் நான் ஒரே நாளில் செய்திருந்தேன்.

சமைக்கும்போது நாம் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறோம். கருகுதா, வெந்துச்சா என்று பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்கிறோம். கிரில்லில் ஆபத்து அதற்கு முன்னால் பத்து நிமிடத்திலும், எல்லோரும் சாப்பிட்டு முடித்து அரட்டையில் இருக்கும் கடைசிப் பத்து நிமிடத்திலும்தான் இருக்கிறது. அந்த இரண்டு பத்து நிமிடத்துக்கும் ஆள் இருக்காது. இப்போது எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

முதலில் இடம். சுவர், கூரை விளிம்பு, வேலி, மரக்கிளை எதுவானாலும் பத்தடி தள்ளி. இங்கே முக்கால்வாசி வீடுகளுக்கு வெளிச்சுவரில் வைனில்தான். பிளாஸ்டிக் என்பதால் தீப்பிடிக்கவே வேண்டாம், தொடர்ந்து வெக்கை பட்டாலே இளகிவிடும். எங்கள் கிரில் இப்போது டெக்கை விட்டு இறங்கிப் புல்வெளி ஓரத்தில் நாலு சிமென்ட் பலகை மேல் நிற்கிறது. சமையலறையிலிருந்து இருபது எட்டு. பிப்ரவரியில் பனியில் நடக்கும்போது சலிப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் நடக்கிறேன். கிரில்லைச் சுற்றி மூன்றடிக்கு வட்டம் போடுவது மகனின் வேலை. ஐந்து வயதில் ஆரம்பித்தது. பிள்ளைகள் தாங்களே போட்ட கோட்டைத் தாண்ட மாட்டார்கள், பெரியவர்கள் தாண்டினாலும் விட மாட்டார்கள்.

அப்புறம் உடை. நம் பெண்களுக்காக இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். துப்பட்டா, முந்தானை, தொங்கும் கைகள் எதுவும் கிரில் பக்கம் கூடாது. சிந்தெடிக் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நான் பழைய பருத்திச் சட்டை ஒன்றை இதற்கென்றே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

பனிக்காலம் முடிந்து முதன்முதலில் கிரில்லைத் திறக்கும் நாளை நான் ஆயுத பூஜை மாதிரி வைத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் பார்த்த பிறகுதான் நெருப்பு. பர்னருக்குக் கேஸ் போகும் குழாய்களின் வாயில் சிலந்தி வந்து கூடு கட்டும். மெல்லிய நூலாம்படைதானே என்று விட முடியாது. வழி அடைபட்டால் கேஸ் பர்னருக்குப் போகாமல் பின்னால் திரும்பி, திருகுகளுக்கு அடியில் பற்றிக்கொள்ளும். பாட்டில் கழுவும் நீளமான பிரஷ்ஷைக் குழாயில் விட்டு எடுத்தால் போதும். சுடர் நீலமாக, நுனியில் மட்டும் கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் சரி. முழுக்க மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் எங்கேயோ அடைப்பு.

அடுத்தது சோப்புத் தண்ணீர். ஊரில் 14.2 கிலோ சிலிண்டரை மாற்றும்போது சோப்பு நுரை தடவிப் பார்ப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே வந்ததும் அதை ஏன் விட்டுவிடுகிறோம் என்று தெரியவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் சமமாகக் கலந்து, திருகுகள் எல்லாம் மூடியிருக்க, டேங்க் வால்வை மட்டும் திறந்து, ரப்பர் குழாய் முழுவதும் ஒரு பழைய பிரஷ்ஷால் தடவ வேண்டும்.

2021 மே மாதம் அப்படித் தடவிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயின் நடுவில் ஓர் இடத்தில் கடுகளவு ஒரு குமிழ். சோப்பு நுரையாக இருக்கும் என்று நினைத்தேன். கண்ணெடுக்காமல் பார்த்தேன். மிளகளவு ஆனது. பக்கத்திலேயே இன்னொரு கடுகு. முதல் குமிழ் பட்டாணியளவு ஆகி உடைந்தது, அதே இடத்தில் மறுபடியும் கடுகு. துடைத்துவிட்டுத் தடவிப் பார்த்தால் ரப்பரில் இரண்டு சின்னப் பல் தடம். அணில். பனிக்காலம் முழுக்க மூடிக்கிடந்த கிரில்லுக்குள் குடியிருந்திருக்கிறது போல. திறந்த வெளி, காற்று வேறு, வாசனை துளியும் வரவில்லை. மூக்கை மட்டும் நம்பியிருந்தால் அன்றைக்கு நான் நெருப்பு வைத்திருப்பேன். ரெகுலேட்டரோடு புதுக் குழாய் இருபத்தைந்து டாலர் ஆனது.

டேங்கில் இருக்கும் கேஸான புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது, தாழ்வான இடத்தில் தேங்கும். அதனால்தான் டேங்கைக் கராஜிலோ பேஸ்மென்ட்டிலோ வைக்கவே கூடாது. வெளியில், நிமிர்த்தி வைக்க வேண்டும். காரில் கொண்டுவரும்போதும் நிமிர்த்தி, ஜன்னலைத் திறந்து, வழியில் எங்கும் நிற்காமல் நேரே வீட்டுக்கு. மளிகைக் கடைக்கு ஒரு எட்டு போய்வரலாம் என்று வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப் போகக் கூடாது.

அதே காரணத்தால்தான் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பற்றவைக்கச் சொல்வது. மூடியபடி திருகைத் திறந்தால் பெட்டிக்குள் கேஸ் நிறையும், பொறி பட்டதும் மொத்தமாக வெடிக்கும். சில நொடிக்குள் பற்றவில்லை என்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மூடியைத் திறந்தே வைத்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். மறுபடி மறுபடி பொத்தானை டிக் டிக் என்று அழுத்துவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம், பலர் என்னிடம் கேட்டது. "டேங்க் புதுசு, ஆனா கிரில் முந்நூறு டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டவே மாட்டேங்குது." டேங்கில் குறை இருக்காது. இணைப்பில் ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. எங்கேயோ குழாய் அறுந்து கேஸ் பாய்கிறது என்று அதற்குத் தோன்றினால் ஓட்டத்தைக் குறுக்கிவிடும். பர்னர் திருகு திறந்திருக்கும்போதே டேங்க் வால்வைப் படக்கென்று திறந்தால் அதற்கு அப்படித்தான் தோன்றும். எல்லாவற்றையும் மூடி, குழாயைக் கழற்றி, ஓரிரு நிமிடம் விட்டு மாட்டி, டேங்க் வால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திறந்து, பிறகு பர்னரைத் திறந்தால் சரியாகிவிடும். இது தெரியாமல் நான் இரண்டு டேங்குகளை மாற்றியிருக்கிறேன்.

சமைப்பதைப் பற்றி ரொம்பச் சொல்லப் போவதில்லை, ஒன்றைத் தவிர. இறைச்சியின் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று முடிவு செய்யாதீர்கள். நம் மசாலாவுக்கு இது இரண்டு மடங்கு உண்மை. மஞ்சளும் காஷ்மீரி மிளகாயும் ஊறிய கோழி வேகாத போதும் சிவப்பு, வெந்த பிறகும் சிவப்பு. மேலே கரி பிடித்து மொறுமொறு என்று இருக்கும், எலும்பை ஒட்டிப் பச்சையாக இருக்கும். பதினைந்து டாலருக்கு ஒரு தெர்மாமீட்டர் கிடைக்கிறது. இருப்பதிலேயே கனமான இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். கோழி 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ். கொத்துக்கறியில் செய்த கபாப், பர்கர் 160. ஆட்டுக்கறித் துண்டு 145, எடுத்து மூன்று நிமிடம் ஆறவிட்டுப் பிறகு பரிமாற வேண்டும். மீனுக்கும் 145தான்.

லெக் பீஸுக்கு ஒரு பக்கத்து பர்னரை மட்டும் எரியவிட்டு, மறுபக்கத்தை அணைத்து வையுங்கள். அணைந்த பக்கத்தில் மூடிவைத்து வேகவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் நெருப்புப் பக்கம் தள்ளினால் போதும். கொழுப்பு நேராகச் சுடரில் சொட்டாது, குப்பென்று எரியாது. பச்சைக் கறி இருந்த தட்டில் வெந்ததை வைக்கக் கூடாது, ஊறவைத்த மசாலாவை மேலே பூசக் கூடாது. பூச வேண்டுமென்றால் கறி படாமல் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சுட்டதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். நம் ஆட்கள் சீட்டாட உட்கார்ந்தால் மத்தியானம் சுட்டது ராத்திரி வரைக்கும் மேசையிலேயே கிடக்கும். அந்தத் தட்டை நான் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே எடுத்துப் போய்விடுவேன்.

இனி, அணைத்த பிறகு.

கம்பியைத் தேய்க்க எல்லா வீட்டிலும் ஒரு பித்தளை அல்லது இரும்புக் கம்பி பிரஷ் இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. 2022இல் ஒரு சனிக்கிழமை, சோளக்கதிரைச் சுட்டு, எலுமிச்சையில் உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தேய்த்து மகனுக்குக் கொடுத்தேன். சூடாக இருக்கிறது என்று ஊதிக்கொண்டே திருப்பினான். மாலை வெயில் சாய்வாக விழுந்தது. இரண்டு முத்துக்களுக்கு இடையில் ஏதோ மின்னியது. சோளநார் என்று நினைத்துக் கிள்ளினேன், வரவில்லை. நகத்தால் இழுத்தேன். கண் இமை முடி நீளத்துக்கு ஒரு கம்பி. ஒரு முனை மழுங்கி வளைந்திருந்தது, இன்னொரு முனை ஊசி. விரல் நுனியில் வைத்து அழுத்தியதும் புள்ளியாக ரத்தம் வந்தது.

அந்த ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2011 மார்ச்சிலிருந்து 2012 ஜூன் வரைக்குள் ஆறு பேர் கிரில் பிரஷ்ஷின் கம்பியை விழுங்கிவிட்டு மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். சிலருக்குத் தொண்டையில் குத்தியிருக்கிறது, சிலருக்குக் குடலில். பிரஷ் பழசாக ஆக, கம்பி தளர்ந்து உதிரும். கிரில் கம்பியில் ஒட்டும், அங்கிருந்து சாப்பாட்டுக்கு வரும். கறுப்பு மசாலாவுக்குள் கறுப்புக் கம்பி எங்கே தெரியப் போகிறது?

அன்றோடு கம்பி பிரஷ் எங்கள் வீட்டில் கிடையாது. அதற்குப் பதில் நான் செய்வது நம் அம்மாக்கள் செய்ததுதான். சமைத்து முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் அதிக சூட்டில் மூடிவைத்து, ஒட்டியிருப்பதைக் கரியாக்கிவிடுவேன். அப்போது நான் பக்கத்திலேயே நிற்பேன், எங்கும் போக மாட்டேன். அணைத்துச் சூடு கொஞ்சம் தணிந்ததும் ஒரு மரப்பலகைச் சுரண்டியால் கம்பியோடு கம்பியாக இழுத்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். மரம் தேயத் தேயக் கம்பியின் அளவுக்கே பள்ளம் விழுந்து, ஒரு மாதத்தில் அந்தக் கிரில்லுக்கென்றே செய்ததுபோல் ஆகிவிடும். மாதம் ஒரு முறை நன்றாக ஆறிய பிறகு கழற்றி, இந்தியன் ஸ்டோரில் வாங்கிய தேங்காய் நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துவிடுவேன். சுடுவதற்கு முன்னால் ஈரத் துணியை இடுக்கியில் பிடித்து ஒரு முறை துடைத்து, விரலை ஓட்ட முடியாத இடத்தில் கண்ணை ஓட்டிப் பார்ப்பேன்.

அப்புறம் வெங்காயம். தோசைக் கல்லுக்குச் செய்வதேதான். பெரிய வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி, முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுச் சூடான கம்பி மேல் தேய்த்தால் மீன்கூட ஒட்டாமல் வரும். எங்கள் கிரில் கம்பி வார்ப்பிரும்பு. புதுக் கல்லை எப்படிப் பழக்குவோமோ அப்படியே இதையும் எண்ணெய் தடவிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவிப் பழக்கினேன். துருவே பிடிப்பதில்லை. திண்டுக்கல்லில் ஆச்சியின் தோசைக் கல் அவருக்குக் கல்யாணச் சீராக வந்தது, இன்னும் என் அம்மாவிடம் இருக்கிறது. கடையில் விற்கும் கிரில் எண்ணெய் எதையும் நான் வாங்கியதில்லை.

அடித்தட்டை இப்போது ஒவ்வொரு முறை சுட்ட பிறகும், மறுநாள் காலையில் உருவிப் பார்க்கிறேன். கொழுப்பு ஆறி வெள்ளையாக உறைந்திருக்கும்போது மரக் கரண்டியால் வழிப்பது சுலபம். கீழே தொங்கும் சின்னக் கிண்ணத்துக்கு அலுமினியத் தாள் போட்டுவிட்டால் தாளோடு எடுத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தைச் செய்யாமல்தான் அந்த நெருப்பு வந்தது. ஒரு டப்பா சமையல் சோடா கிரில்லின் பக்கவாட்டு அலமாரியில் எப்போதும் இருக்கிறது, சின்னதாகக் கொழுப்பு பற்றினால் தூவ. தீயணைப்பான் சிலிண்டர் பின்கதவுக்கு உள்பக்கம் மாட்டியிருக்கிறது. கிரில் பக்கத்தில் வைத்தால் நெருப்பைத் தாண்டித்தானே அதை எடுக்க வேண்டியிருக்கும்?

கரியைப் பற்றியும் தம்பி கேட்டிருந்தார். ருசி என்று பார்த்தால் கரிதான், சந்தேகமே இல்லை. கோடையில் கென்சிங்டன் மெட்ரோபார்க்குக்குப் போகும்போது கென்ட் ஏரிக்கரையில் நட்டுவைத்திருக்கும் கிரில்களில் நாங்கள் கரிதான் போடுகிறோம். இந்தக் கரிக்கட்டிக்கும் எங்கள் மாநிலத்துக்கும் பழைய உறவு உண்டு. 1920களில் மாடல் டி கார்களுக்கு மரம் அறுத்தபோது மிஞ்சிய துண்டுகளை வீணாக்க மனமில்லாமல், வட மிச்சிகனில் ஆலை வைத்துக் கரிக்கட்டியாக்கி, கார் விற்கும் கடைகளிலேயே விற்றவர் ஹென்றி ஃபோர்டு. அவரது உறவினர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டின் பெயர்தான் இன்று கடையில் கிடைக்கும் மூட்டைகளில் இருக்கிறது. இங்கே கார்க் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

கரியைப் பற்றவைக்க எண்ணெய் ஊற்றாதீர்கள். ஊற்றியே தீர வேண்டுமென்றால் பற்றவைப்பதற்கு முன்னால் மட்டும். எரிகிற கரியில் ஊற்றினால் சுடர் அந்தத் தாரையைப் பிடித்துக்கொண்டு டப்பாவுக்கே ஏறும். சிம்னி என்று ஒரு தகர உருளை கிடைக்கிறது. அடியில் இரண்டு தாள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, மேலே கரியைக் கொட்டிப் பற்றவைத்தால் பதினைந்து இருபது நிமிடத்தில் மேல்கரி சாம்பல் பூத்துவிடும். எண்ணெய் நாற்றமும் இல்லை.

சாம்பல்தான் கரியில் பெரிய வேலை. நீறு பூத்த நெருப்பு என்று மனிதர்களின் கோபத்துக்குச் சொல்லிச் சொல்லி, அது நிஜ நெருப்பு என்பதையே மறந்துவிட்டோம். மேலே வெள்ளையாக, கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே கங்கு மறுநாள் வரைக்கும்கூட உயிரோடு இருக்கும். மூடி போட்ட தகர வாளி ஒன்று இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பலைக் கொட்டித் தண்ணீரில் ஊறவிட்டு, இரண்டு நாள் கழித்துக் குப்பைக்கு அனுப்புங்கள். காகிதப் பையிலோ பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியிலோ கொட்டவே வேண்டாம். குப்பைத்தொட்டி நிற்பது கராஜில், கராஜுக்கு மேலே பிள்ளைகள் தூங்கும் அறை.

கராஜ் என்றதும் 2023 பிப்ரவரி ஞாபகம் வருகிறது. பனிமழை பெய்து மரக்கிளைகள் எல்லாம் ஐஸ் கனத்தில் முறிந்து, தென்கிழக்கு மிச்சிகனில் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்ட் போனது. மூன்றாம் நாள் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே கரி கிரில் மூட்டியிருந்தார்கள். குளிர் காயவும் ஆச்சு, பால் காய்ச்சவும் ஆச்சு என்று. வயதான அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை லேசாக வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான் தெரியும். கதவு பாதி திறந்திருந்தாலும் போதாது. அந்த அம்மா "நம்ம ஊர்ல குமுட்டி அடுப்ப வீட்டுக்குள்ளதானம்மா வெச்சோம்" என்று கேட்டார். அது ஓட்டு வீடு, நாலு பக்கமும் காற்று வரும், இந்த வீடு குளிர் புகாமல் இருக்க மூச்சுவிடக்கூட இடம் வைக்காமல் கட்டியது என்று சொன்னேன். புரிந்துகொண்டார். அவரே கிரில்லை வெளியே தள்ளச் சொன்னார். இரண்டு இரவு எங்கள் வீட்டில் கேஸ் கணப்பின் முன்னால் எல்லோரும் படுத்துக்கொண்டோம்.

இதையெல்லாம் தம்பிக்கு நேற்று போனில் முக்கால் மணி நேரம் சொன்னேன். கேஸ் கிரில், இரண்டு பர்னர் போதும், அடித்தட்டு முன்பக்கமாக உருவ வருகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பார்த்து வாங்குங்கள் என்றேன். இன்று மாலை படம் வந்தது. கண்ணாடிக் கதவை ஒட்டிய அதே மூலை, புதுக் கிரில், பக்கத்தில் பெருமையாக அவர்.

"தம்பி, சுவர்" என்று மட்டும் அனுப்பினேன்.

அரை மணி நேரம் கழித்து இன்னொரு படம். கிரில் புல்வெளிக்கு வந்துவிட்டது. அதற்கும் சுவருக்கும் நடுவில் தரையில் அளவு நாடா நீண்டு கிடக்கிறது. நாடாவின் மறுமுனையைச் சுவரோரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவருடைய மூன்று வயது மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

"பதினோரு அடி, அக்கா."